கேள்வித்தாள் யார் கையில்?

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எங்களை ஒரு கை பார்ப்பது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! திருவள்ளூர் பெருமக்களே! வீட்டில் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுச் சின்னத்திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! ஒரு தடவை எழுந்துபோய் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் ஆராய்ச்சி நிறுவனங்களோடும் நாம் வைத்துக்கொள்ளும் கூட்டு, தோழமையா, எசமானத்தனமா? இதுதான் இன்றைய வழக்கு. எசமானத்தனமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வாதம் வைத்தார். ஒப்பந்தத்தில் ரெண்டு பேரும்தானே கையெழுத்துப் போடறாங்க, அப்புறம் எப்படி ஒருத்தர் எசமான் ஆவார் என்று கேட்டார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. கல்யாண ரிஜிஸ்டரிலும் ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போடறாங்க. மறுநாள் காலையிலிருந்து காபி யார் போடறாங்க? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, கூட்டு என்ற சொல்லுக்கு எங்கள் அடுப்பங்கரையில் ஓர் அர்த்தம் உண்டு. பருப்பும் காயும் சேர்ந்து வெந்து, எது பருப்பு எது காய் என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட வேண்டும். ஆனால் இந்தக் கூட்டு இருக்கிறதே, இதில் பூசணிக்காய் நம்முடையது, பருப்பு நம்முடையது, கரண்டி பிடித்துக் கிளறுகிற கை நம்முடையது. உப்பு எவ்வளவு என்று மட்டும் கடல் தாண்டிக் கேட்டுவிட்டு வர வேண்டும்! (கைதட்டல்)

வெறும் பேச்சு வேண்டாம், என் கதையையே சொல்கிறேன். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எங்களோடு கூட்டுச் சேர்ந்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், போகும்போது சாக்லேட்டெல்லாம் கொடுத்தார்கள். சிப்காட் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றி ஆராய்ச்சி. கேள்வித்தாள் அங்கே தயாராகி வந்துவிட்டது. நாங்கள் தமிழில் பெயர்த்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு, நிரப்பி அனுப்ப வேண்டும்.

முதல் கேள்வி: வேலைக்கு எதில் போகிறீர்கள்? கார், ரயில், சைக்கிள், நடை. ஷேர் ஆட்டோவும் இல்லை, கம்பெனி வேனும் இல்லை. அடுத்த கேள்வி: விடுமுறை நாளில் எத்தனை மணி நேரம் உடற்பயிற்சிக்காக நடக்கிறீர்கள்? ஒரு அக்கா, ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கிறவர், இதைக் கேட்டதும் சிரித்தார் பாருங்கள்! "ஏம்மா, லீவு நாள்ல தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு நடக்கிறேனே, அதை எதுல சேர்ப்பீங்க?" என்றார். (சிரிப்பு)

அதோடு விடவில்லை அவர். "இத்தனை கேக்கறீங்களே, முக்கியமானதைக் கேக்கலையே" என்றார். என்னக்கா என்றேன். "ராத்திரி ஷிஃப்ட்ல பாத்ரூம் போறதுக்கு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் போகணும். அந்த வெக்கத்துக்குப் பயந்து எட்டு மணி நேரம் தண்ணியே குடிக்கறதில்ல. இங்க பாதிப் பொம்பளைங்களுக்கு நீர்க்கடுப்பு. அதுக்கு ஒரு கேள்வி இருக்கா உங்க தாள்ல?"

இல்லை, நடுவர் அவர்களே. நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். உடனே கடிதம் எழுதினேன், இந்த ஒரு கேள்வியைச் சேர்க்க முடியுமா என்று. ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, ஆனால் கேள்வித்தாள் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, இனி மாற்ற இயலாது.

ஆராய்ச்சி முடிந்தது, கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பெயர் வரிசையில் நாங்கள் யாரும் இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், உள்ளூர் உதவிக்கு நன்றி என்று போட்டு என் பெயர். அதிலும் ஓர் எழுத்தை முழுங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "விடு, ரேஷன் கார்டுலயும் இப்படித்தானே இருக்கு" என்று ஆறுதல் சொன்னார். (சிரிப்பு) சரி, முழுக்கட்டுரையைப் படிக்கலாம் என்று போனால் டாலரில் பணம் கட்டச் சொல்கிறது! நான் எடுத்த பேட்டி, என் தெருவில் நடந்த விஷயம், அதைப் படிக்க நான் டிக்கெட் வாங்க வேண்டும்.

நடுவர்: அம்மா, உங்க பேர்ல விட்டுப்போன எழுத்துக்காகவா இவ்வளவு கோபம்?

இல்லீங்க ஐயா. விட்டுப்போன எழுத்துக்காக இல்லை, விட்டுப்போன கேள்விக்காக. (கைதட்டல்) எசமானத்தனம் பணத்தில் இல்லை, கட்டடத்தில் இல்லை, வெள்ளைத் தோலிலும் இல்லை. கேள்வியை எழுதுகிறவர் யார், பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறவர் யார் என்பதில் இருக்கிறது.

இது நமக்குப் பழக்கப்பட்டுப் போன விஷயம். நம் மாவட்டத்தில்தானே பழவேற்காடு இருக்கிறது? 1613-லேயே டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள். நம் கரையில் துணி வாங்கி, கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து மசாலா வாங்கினார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள், டச்சுக் கல்லறைகளில் பெயர் செதுக்கியிருப்பது எவ்வளவு அழகாக இருக்கிறது! அந்தத் துணியை நெய்தவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? நன்றி என்று பொடி எழுத்தில்கூட இல்லை.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. ஆரம்ப காலத்தில் அதன் முக்கிய வேலை பாடம் நடத்துவதுகூட இல்லை. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான். ஆக, நம் பல்கலைக்கழகப் படிப்பு பிறந்ததே கேள்வித்தாளோடுதான். கேள்வி அவங்க, பதில் நாம!

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணின் கதை. ஐம்பது வயதைத் தாண்டிய திருவள்ளூர்க்காரர்கள் தங்கள் மேல்கையைத் தொட்டுப் பாருங்கள்.

காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி. என்று ஒரு தடுப்பூசி. 1948-லேயே நம் நாட்டில் போட ஆரம்பித்தார்கள், கிண்டியில் அதற்கென்று தனி ஆய்வுக்கூடமே வந்தது. சர்வதேச நிறுவனங்களின் துணையோடு ஊர் ஊராக இயக்கம் நடந்தது. 1955-ல் ராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். நிரூபணம் எங்கே என்று கேட்டார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1956-ல் பிரிட்டனிலிருந்து ஒரு முடிவு வந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் 80 சதவிகிதம் அளவுக்குப் பாதுகாப்பு. அபாரம்! ஆனால் அமெரிக்காவில் சில இடங்களில் செய்த சோதனைகளில் பலன் ரொம்பக் குறைச்சல். எது உண்மை? சண்டையைத் தீர்க்க ஒரு பெரிய சோதனை வேண்டும். எங்கே?

இங்கே. 1968-ல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்த கூட்டு. திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 3,66,625 பேரைக் கணக்கெடுத்தார்கள். 2,81,161 பேருக்கு ஊசி. சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஆராய்ச்சியின் நேர்மைக்காக அப்படி. பிறகு பதினைந்து வருஷம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வந்து, எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள்.

எங்க அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஜீப் வந்தது, எக்ஸ்ரே வண்டி வந்தது, திருவிழா மாதிரி பிள்ளைகள் பின்னாடியே ஓடினார்கள் என்று சொல்வார். அம்மாவுக்கு ஊசி புண்ணாகி ஆறித் தழும்பு விழுந்தது. எங்க சித்திக்கு ஒன்றுமே இல்லை, வழவழவென்று கை. ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை! வீட்டில் சண்டை வந்தால், "போடி, உனக்கு மருந்தே ஏறல" என்பார். (சிரிப்பு)

1979-ல் முடிவு வந்தது. என்ன முடிவு? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. தழும்பு விழுந்த கையும் வழவழ கையும் ஒன்றுதான். உலகமே ஆடிப்போனது. இதைவிடப் பெரிய சோதனை இந்தத் தடுப்பூசிக்கு அதுவரை நடந்ததில்லை.

இங்கேதான் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். பிரிட்டன் முடிவு வந்தபோது உலகம் என்ன சொன்னது? பி.சி.ஜி. வேலை செய்கிறது என்றது. திருவள்ளூர் முடிவு வந்தபோது என்ன கேட்டார்கள்? அங்கே என்ன தப்பு நடந்தது என்று கேட்டார்கள்! மருந்து கெட்டுப்போயிருக்குமோ, கணக்குச் சரியில்லையோ, அந்த மண் சரியில்லையோ, அந்த ஜனங்கள் சரியில்லையோ? ஒரே ஊசி, நடுவர் அவர்களே. அங்கே போட்டால் உலக உண்மை, இங்கே போட்டால் உள்ளூர்க் கோளாறு! (கைதட்டல்)

அப்புறம் நிபுணர் குழு உட்கார்ந்து ஆராய்ந்து, சோதனை ஒழுங்காகத்தான் நடந்தது என்று சொன்னது. 1999-ல் பதினைந்து வருட முடிவும் வெளிவந்தது. அதிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. இன்றைக்கு விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்? இந்தத் தடுப்பூசியின் பலன் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற, காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமிகள் நம் உடம்பை முன்கூட்டியே பழக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இடத்துக்கு இடம் உடம்பின் கதை வேறு என்பதை உலகத்துக்குப் பாடம் நடத்தியதில் திருவள்ளூர்க் கிராமத்து ஜனங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் உலகப் புத்தகங்களில் இந்தச் சோதனைக்குப் பெயர் என்ன தெரியுமா? செங்கல்பட்டு! அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். அதனால் அந்தப் பெயர். கையை நீட்டினவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் இன்னொருத்தன். செங்கல்பட்டுக்காரங்க கோபிக்கக் கூடாது. (சிரிப்பு)

தாய்மார்களே, ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. கட்டாயம் போட வேண்டும். மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடம்பெல்லாம் பரவும் காசநோயிலிருந்தும் அது பிஞ்சுகளைக் காப்பாற்றுகிறது. பட்டிமன்றத்தில் ஒரு அம்மா வேண்டாம் என்றார் என்று யாரும் ஊசியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

எதிரணித் தலைவர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சேத்துப்பட்டை மறந்துவிட்டாயே என்று கேட்கப் போகிறார். ஐயா, மறக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், அந்தப் புண்ணியம் எனக்கே இருக்கட்டும்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்த கூட்டு. வந்து நடத்தியவர் வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று. நமக்குப் படுக்கைக்கு எங்கே போவது? நோயாளியோ லட்சக்கணக்கில். அப்படியானால் குடிசையிலேயே வைத்து, மாத்திரையை மட்டும் கொடுத்தால் குணமாகுமா? வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 1959-ல் பதில் வந்தது. நெருக்கடியான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவரும் சானடோரியத்தில் இருந்தவருக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார். குடும்பத்துக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கட்டுரையை எழுதியது யார் என்ற இடத்தில் எந்தத் துரையின் பெயரும் இல்லை. மையத்தின் பெயரைத்தான் போட்டார்கள்.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, அது நல்ல கூட்டு. ஏன் நல்ல கூட்டு? கேள்வி யாருடையது என்று பாருங்கள். படுக்கை இல்லையே என்பது லண்டனின் கவலை இல்லை, நம்முடைய கவலை. நம் வீட்டுக் கவலையை எடுத்துக்கொண்டு அவர்கள் நம்மோடு உட்கார்ந்தார்கள். அதனால் பருப்பும் காயும் சேர்ந்து வெந்தது. நீங்கள் காட்டுகிற சாட்சி எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது! (கைதட்டல்)

அந்தக் கதவைக் காவல் இல்லாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துக் கேரளமே உதாரணம். 1999-லும் 2000-லும் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர் தொடர்புடைய சோதனை மருந்தை வாய்ப் புற்றுநோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். விவகாரம் வெடித்த பிறகு, 2001-ல் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, தங்கள் ஒழுங்குக் குழுவின் அனுமதியே இந்தச் சோதனைக்குக் கேட்கப்படவில்லை என்று சொன்னது. அங்கே கேட்டாக வேண்டிய அனுமதி, கடல் தாண்டி வந்ததும் மறந்துபோகிறது! இன்றைக்கு வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆராய்ச்சி என்றால் மத்திய அரசின் குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் குழு, ஆபத்து உண்டா என்று பார்க்கும். கும்மிடிப்பூண்டி அக்காவின் கேள்வி அந்தத் தாளில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

2023-ல் விதி வந்தது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கேயே வந்து வளாகம் திறக்கலாம் என்று. குஜராத்தில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன, டெல்லிக்குப் பக்கத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. பிள்ளைகள் இங்கேயே படிக்கலாம், விமானச் செலவு மிச்சம் என்றார் எதிரணியில் ஒரு சகோதரி. சரிதான். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்த ஊரில் கூடி முடிவு செய்கிறார்கள்?

எதிரணியை மட்டும் கேட்டால் நியாயமில்லை. நம்மையும் கேட்க வேண்டும். அதே 2023-ல் நம்முடைய சென்னை ஐ.ஐ.டி. ஆப்பிரிக்காவில் சான்சிபாரில் வளாகம் திறந்திருக்கிறது. பெருமைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஜெர்மனி கைகொடுத்து 1959-ல் வளர ஆரம்பித்த நிறுவனம் இன்றைக்கு இன்னொரு நாட்டுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் நாம் அங்கே போய் நம்ம கேள்வித்தாளை நீட்டுகிறோமா, அந்த ஊர் மீனவப் பெண்ணிடம், உனக்கு என்னம்மா தெரியணும் என்று கேட்கிறோமா? மருமகளாகக் கஷ்டப்பட்டவள் மாமியார் ஆனதும் என்ன செய்கிறாள் என்பதுதானே விஷயம்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

நாங்கள் கூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி எழுதுகிற நாளிலேயே எங்களைக் கூப்பிடுங்கள், நிரப்புகிற நாளில் அல்ல. எடுத்த தகவலில் ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும். முடிவை அந்தத் தெருவில் வந்து தமிழில் சொல்லுங்கள். பெயரைப் போடுங்கள், முடிந்தால் எழுத்துப் பிழை இல்லாமல்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு நிமிஷம், ஐயா. அந்த 1999-ஆம் வருஷத்து முடிவை நான் எங்க அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தழும்பைத் தடவிப் பார்த்தார். "அப்ப உங்க சித்தியும் நானும் ஒண்ணுதானா?" என்றார். ஆமாம்மா என்றேன். உடனே போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டு, இத்தனை வருஷமாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "சரிடி, அடுத்த தடவை யாராவது ஜீப்புல வந்தா, நாம கேக்கறதுக்கும் ஒரு தாள் கொண்டு வருவாங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும், அம்மா முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.